கப்பல் கட்டுமானமும் நிலைத்தன்மையும்: பரிசல் முதல் இரும்புக் கப்பல் வரை

நீரில் மிதந்து ஆட்களையும் பொருள்களையும் சுமந்து செல்லும் பெரிய கலமே கப்பல். கப்பல் கட்டுபவர் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். முதலாவது, இது மிதக்குமா? இரண்டாவது, மிதக்கும்போது கவிழாமல் நிமிர்ந்து நிற்குமா? முதல் கேள்விக்கு விடை தருவது மிதத்தல் விதி. இரண்டாவதற்கு விடை தருவது நிலைத்தன்மை. பள்ளிப் பாடங்களில் முதல் கேள்வியே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் ஏரிகளிலும் கழிமுகங்களிலும் நடந்த பல பெரும் விபத்துகளுக்குக் காரணம் இரண்டாவது கேள்வியைக் கவனிக்காமல் விட்டதுதான்.

கடலைப் பார்க்காத ஊர்க்காரர்களுக்கும் இந்த வேறுபாடு எளிதில் புரியும். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. அரவைக் காலத்தில் டிராக்டர் டிப்பர்களில் கரும்பை மலைபோல் அடுக்கிக்கொண்டு வருவார்கள். சக்கரம், அச்சு எல்லாம் அந்தப் பாரத்தைத் தாங்கும். ஆனால் வளைவில் திரும்பும்போது வண்டி சாயும். சில நேரம் குடைசாய்ந்தும் விடும். பாரத்தைத் தாங்குவது ஒன்று, சாயாமல் நிற்பது வேறொன்று. கப்பலுக்கும் இதேதான். சாலைக்குப் பதில் அதற்குக் கீழே இருப்பது அசையும் தண்ணீர்.

நம் நாட்டுக் கலன்கள் இந்த இரண்டு கேள்விகளையும் எப்படித் தீர்த்தன, பின்னர் அந்த அறிவு எப்படிக் கணக்காக மாறியது, இன்று அதை மறந்தால் என்ன நேர்கிறது என்பவற்றை இக்கட்டுரை வரிசையாக விளக்குகிறது.

மிதத்தல்

இரும்பு ஆணி நீரில் மூழ்குகிறது, இரும்புக் கப்பல் மிதக்கிறது. ஏன்? கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடிஸ் இதற்கு விடை சொன்னார். நீரில் அமிழும் பொருள், தான் ஒதுக்கித் தள்ளும் நீரின் எடைக்குச் சமமான விசையால் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. ஆணி ஒதுக்கும் நீர் மிகக் குறைவு. அந்த நீரின் எடை ஆணியின் எடையைவிடக் குறைவு. அதே இரும்பைத் தகடாக்கி உள்ளே வெற்றிடமுள்ள தொட்டியாக வளைத்தால், அது தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கும் ஆழம் வரை அமிழ்ந்து, அங்கேயே நின்றுவிடும். நீர்மட்டத்திலிருந்து கப்பலின் அடிவரை உள்ள இந்த ஆழத்தை அமிழ் ஆழம் என்கிறோம்.

20 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள பெட்டி வடிவப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது கடலில் 1.5 மீட்டர் ஆழம் அமிழ்ந்திருக்கிறது. ஒதுக்கப்பட்ட நீரின் பருமன் 20 × 6 × 1.5 = 180 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிலோ எடை கொண்டது. எனவே படகும் சுமையும் சேர்ந்த எடை சுமார் 184.5 டன். கப்பலை எந்தத் தராசிலும் ஏற்ற வேண்டியதில்லை. அமிழ் ஆழத்தை அளந்தால் எடை தெரிந்துவிடும்.

பரிசலும் கட்டுமரமும்

தருமபுரி மாவட்டத்தில் கலன் என்றால் நினைவுக்கு வருவது ஒகேனக்கல் பரிசல். மூங்கில் பிளாச்சுகளால் வட்டக் கூடையாகப் பின்னி, அடியில் முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் கொண்டு நீர் புகாமல் மூடுகிறார்கள். இதற்கு முன் பின் கிடையாது, சுக்கான் கிடையாது. ஆனாலும் பாறைகளுக்கிடையே சுழித்து ஓடும் காவிரியில் அது ஆட்களை ஏற்றிச் செல்கிறது. அதன் அகலம் அதிகம், அமிழ் ஆழம் மிகக் குறைவு, அடி தட்டையானது. ஏறியவர்களைப் பரிசல்காரர் தரையில் உட்கார வைப்பார். நடுவில் யாராவது எழுந்தால் அதட்டுவார். அகலமான அடி, தாழ்ந்த பாரம் என்ற நிலைத்தன்மையின் இரண்டு அடிப்படைகளும் அந்த ஒரு கூடைக்குள் இருக்கின்றன.

கடற்கரையில் இதே சிக்கலைக் கட்டுமரம் வேறு வழியில் தீர்த்தது. லேசான மரத்தடிகளைச் செதுக்கிப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டினால் அது கட்டுமரம். அதற்கு உட்குழிவு இல்லை. எனவே அலை மேலேறினாலும் நீர் நிரம்புவதற்கு இடமில்லை. மரம் மிதக்கும் வரை கட்டுமரமும் மிதக்கும். கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து, மரத்தை வெயிலில் உலர்த்தி மறுபடியும் கட்டலாம். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறிப்பிட்டார். அந்தத் தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆயிற்று. இன்று உலகெங்கும் அச்சொல் இரட்டை உடல் கொண்ட வேகக் கப்பல்களைக் குறிக்கிறது. பொருள் மாறினாலும் தத்துவம் நெருங்கியதே. இரண்டு உடல்களை விலக்கி வைத்து இணைத்தால் கலனின் மொத்த அகலம் கூடும். அகலம் கூடினால் கவிழ்வது கடினமாகும்.

தைத்த படகிலிருந்து தோணி வரை

சங்க இலக்கியத்தில் அம்பி, திமில், பஃறி, தோணி, கலம், வங்கம், நாவாய் என்று கலன்களுக்குப் பல பெயர்கள் உள்ளன. கலன்களில் சிறியதும் பெரியதும், ஆற்றில் ஓடுவதும் கடலில் ஓடுவதும் வேறு வேறாகவே இருந்தன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரேயக் கடல் பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்க வழிகாட்டி நூல், கிழக்குக் கரைத் துறைமுகங்களில் இருந்த கலன்களைப் பிரித்துச் சொல்கிறது. கரையோரமாகச் செல்லும் உள்ளூர்க் கலன்கள் ஒரு வகை. பெரிய மரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கரா’ மற்றொரு வகை. கங்கைக்கும் கிழக்கு நாடுகளுக்கும் செல்லும் மிகப் பெரிய கலன்கள் மூன்றாவது வகை. சாதவாகனர் காசுகள் சிலவற்றில் இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பல் பொறிக்கப்பட்டுள்ளது.

பலகைகளை இணைத்துக் கலன் செய்வதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, முதலில் பலகைகளை ஒன்றோடொன்று இணைத்து ஓட்டை உருவாக்கி, பிறகு உள்ளே வங்குகளைப் பொருத்துவது. வங்கு என்பது கப்பலின் விலா எலும்பு போன்ற வளைந்த மரம். இன்னொன்று, முதலில் எலும்புக்கூட்டை நிறுத்தி, பிறகு அதன்மேல் பலகையைத் தைப்பது. இந்தியப் பெருங்கடல் பகுதியில் முதல் முறை நெடுங்காலம் வழக்கில் இருந்தது. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கடலில் நின்ற கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலாப் படகு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பலகைகள் தென்னைநார்க் கயிற்றால் தைக்கப்பட்டிருக்கும். உள்ளே வங்கும் இராது. ஆணி அடித்து இறுக்கிய படகு கரையில் மோதி உடைந்துவிடும். தைத்த படகோ அலைக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். உறுதி என்பது எப்போதும் விறைப்பாக இருப்பதில் இல்லை என்பதைக் கரையோரத் தச்சர்கள் அறிந்திருந்தனர்.

கப்பல் கட்டும் மரங்களின் தன்மை, அடிமரத்தின் அளவு, அதன் நன்மை தீமைக் குறிகள் ஆகியவற்றைச் சொல்லும் ‘கப்பல் சாத்திரம்’ என்ற தமிழ்ச் சுவடி, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் வெளியீடாக அச்சேறியுள்ளது. தச்சர்கள் வாய்வழியாகவும் கைப்பழக்கமாகவும் காத்துவந்த அறிவு ஏட்டிலும் ஏறியதற்கு அது சான்று.

தூத்துக்குடித் தோணி அந்தப் பழக்கம் இன்றுவரை தொடரும் கலன். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் காய்கறி, கட்டுமானப் பொருள் முதலிய சரக்கை ஏற்றிச் சென்ற மரக்கப்பல் இது. முன்பு பாய்மரத்தால் ஓடியது; பின்னர் எந்திரம் பொருத்தப்பட்டது. இதைக் கட்டும் ஒழுங்கைச் சுருக்கமாகக் கூறலாம்.

1. ஏரா எனப்படும் அடிமரத்தை முதலில் நிலத்தில் கிடத்துவர். இதுவே கப்பலின் முதுகெலும்பு.
2. அடிமரத்தின் முன்முனையிலும் பின்முனையிலும் நிமிர்ந்த மரங்களைப் பொருத்துவர். முன்பகுதிக்கு அணியம் என்று பெயர்.
3. பக்கப் பலகைகளும் வங்குகளும் பொருத்தப்படும். வங்குக்கு இயல்பாகவே வளைந்து வளர்ந்த மரத்தைத் தேடி எடுப்பர். நேர்மரத்தை அறுத்து வளைவாக்கினால் மர நார் அறுபட்டு வலிமை குறையும்.
4. பலகைகளுக்கிடையே உள்ள இடுக்கில் பஞ்சோ நாரோ திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து அடைப்பர். இதற்குக் கலப்பத்து என்று பெயர்.
5. அதன் பின் தளம், பாய்மரம், சுக்கான், நங்கூரம் முதலியன பொருத்தப்படும்.

கப்பலின் உறுதி பற்றி இங்கே ஒரு செய்தி. நீண்ட கப்பல் ஒன்றின் நடுப்பகுதி பேரலையின் முகட்டிலும் இரு முனைகள் பள்ளத்தின் மேலும் நிற்கும்போது, அதன் முதுகு மேல்நோக்கி வளையப் பார்க்கும். அடுத்த கணம் முனைகள் முகட்டிலும் நடு பள்ளத்திலும் வரும்போது வளைவு தலைகீழாகும். ஒரு கம்பியை மாறி மாறி வளைத்தால் ஒடிவது போலக் கப்பலும் ஒடியக்கூடும். அதனால்தான் முழு நீளத்துக்கும் ஓடும் அடிமரம் முதன்மையானது. மரக்கப்பலை மிக நீளமாகக் கட்ட முடியாமல் போனதற்கும் இதுவே காரணம்.

சமன்பலகையும் அடிப்பாரமும்

பாய்மரக் கப்பலுக்குக் கவிழும் ஆபத்து மிக அதிகம். காற்று பாயைத் தள்ளும்போது கப்பலை முன்னே மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் சாய்க்கும். பாக் நீரிணைக் கரையில் அதிராம்பட்டினம் முதலிய ஊர்களில் வழங்கிய வத்தை என்ற படகில் இதற்கு எளிய ஏற்பாடு ஒன்று இருந்தது. படகின் குறுக்கே நீண்ட பலகை ஒன்றை வைத்து, காற்று வரும் பக்கமாக வெளியே நீட்டுவர். காற்று வலுத்தால் ஆட்கள் அந்தப் பலகையின் முனைக்கு நகர்ந்து உட்காருவர். தணிந்தால் உள்ளே வருவர். மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920இல் வெளியான இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய தம் ஆய்வில் இத்தகைய படகுகளை விவரித்துள்ளார். இலங்கையில் ஒரு பக்கம் மிதவைக் கட்டை பொருத்திய படகும் இதே சிக்கலுக்கான இன்னொரு விடை.

பெரிய கப்பலில் ஆட்கள் நகர்ந்து சமன்செய்ய முடியாது. அங்கே பயன்படுவது அடிப்பாரம். சரக்கு ஏற்றிய தோணியில் பாரம் அடியில் இருப்பதால் அது ஆழமாக அமிழ்ந்து நிலையாக நிற்கும். சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும்போது அது உயரமாக மிதக்கும். பாய்மரத்தின் எடையும் காற்றின் வேகமும் அதை எளிதில் சாய்த்துவிடும். ஆகவே விலைக்கு விற்க முடியாத மணலையும் கல்லையும் அடியில் கொட்டிக்கொண்டு திரும்புவர். பாரம் குறைந்தால் பாதுகாப்பு கூடும் என்று நாம் நினைப்போம். கப்பலுக்கு எப்போதும் அப்படியில்லை. எவ்வளவு பாரம் என்பதோடு, பாரம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வல்வெட்டித்துறையிலிருந்து அமெரிக்காவுக்கு

தமிழ்த் தச்சர்களின் இந்த அறிவுக்குக் கிடைத்த மிகக் கடுமையான தேர்வு அன்னபூரணி கப்பலின் பயணம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட இரண்டு பாய்மரக் கப்பல் அது. நீளம் சுமார் 90 அடி. வேப்பமரத்தைக் கொண்டு கட்டப்பட்டது. நீரிணைக்கு இருபுறமும் உள்ள துறைகளுக்கிடையே சரக்கு ஏற்றிய கப்பல்களில் அதுவும் ஒன்று.

உலகைச் சுற்றிவந்த அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் இக்கப்பலை விலைக்கு வாங்கி, ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். 1937இல் புறப்பட்ட கப்பலில் வல்வெட்டித்துறை மாலுமிகள் இருந்தனர். செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர் நீரிணை வழியாக அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, பெர்முடாத் தீவைத் தொட்டு, 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

அன்னபூரணியைக் கட்டிய கைகள், தந்தையும் பாட்டனும் கட்டிய கப்பல்களின் அகலத்தையும் ஆழத்தையும் அறிந்த கைகள். எந்தக் கப்பல் நன்றாக ஓடியதோ அதன் அளவை வைத்துக்கொண்டனர். எது சாய்ந்ததோ அதைத் திருத்தினர். இது பல தலைமுறைச் சோதனையின் விளைவு. ஆனால் இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. பழகிய அளவைவிட்டு முற்றிலும் புதிய அளவில் ஒரு கப்பலைக் கட்டும்போது பழைய அனுபவம் போதாது. அப்போது கணக்கு வேண்டும்.

வாசாவின் பாடமும் புகேரின் கணக்கும்

சுவீடன் நாட்டு அரசருக்காகக் கட்டப்பட்ட ‘வாசா’ என்ற போர்க்கப்பல் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. இரண்டு தளங்களில் கனமான பீரங்கிகளும், மேலே வேலைப்பாடு மிக்க உயர்ந்த பின்மாடமும் அதற்கு இருந்தன. புறப்படும் முன் 30 பேரைத் தளத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஓடவிட்டுச் சோதித்தனர். கப்பல் பயங்கரமாக ஆடவே சோதனையைப் பாதியில் நிறுத்தினர், கப்பலை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் புறப்பட்ட கப்பல் சுமார் 1,300 மீட்டர் சென்றதும் ஒரு காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கிச் சாளரங்கள் வழியாக நீர் புகுந்து மூழ்கியது. 1961இல் மேலே எடுக்கப்பட்ட அந்தக் கப்பல் இன்று அருங்காட்சியகத்தில் உள்ளது. ஓட்டையும் இல்லை, பாறையும் இல்லை, போரும் இல்லை. மேல்பாரம் மட்டுமே அதைக் கவிழ்த்தது.

இதற்கான கணக்கை வகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் பியர் புகேர். பூமியின் வடிவத்தை அளக்கச் சென்ற அறிவியல் குழுவில் ஒருவராகத் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் பல ஆண்டுகள் தங்கியிருந்தபோது அவர் கப்பல் கணக்கில் ஈடுபட்டார். அவருடைய ‘கப்பல் நூல்’ 1746இல் வெளியானது. கப்பலியலின் தலையாய சில விதிகள், கடலுக்கு மேலே பல ஆயிரம் அடி உயரத்தில் உருவாயின!

அவருடைய கருத்தை இப்படி விளக்கலாம். கப்பலின் முழு எடையும் ஒரு புள்ளியில் கீழ்நோக்கிச் செயல்படுவதாகக் கொள்வோம்; அது ஈர்ப்பு மையம். நீரின் மிதப்பு விசை முழுவதும் ஒரு புள்ளியில் மேல்நோக்கிச் செயல்படுகிறது. அது மிதப்பு மையம். கப்பல் நிமிர்ந்திருக்கும்போது இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கும். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால், சாய்ந்த பக்கத்தில் அதிக உடல் நீருக்குள் போகிறது. எனவே மிதப்பு மையமும் அந்தப் பக்கம் நகர்கிறது. அங்கிருந்து மேல்நோக்கி ஒரு செங்குத்துக் கோடு வரைந்தால், அது கப்பலின் நடுக்கோட்டை ஒரு புள்ளியில் வெட்டும். அந்தப் புள்ளிக்கு மெட்டா மையம் என்று பெயர்.

ஈர்ப்பு மையம் மெட்டா மையத்துக்குக் கீழே இருந்தால், எடையும் மிதப்பும் சேர்ந்து கப்பலை நிமிர்த்தும். மேலே இருந்தால், அவை இரண்டும் சேர்ந்து கப்பலை மேலும் சாய்க்கும். இந்த இரு புள்ளிகளுக்கிடையே உள்ள தூரம் மெட்டா மைய உயரம். கப்பலின் தொடக்க நிலைத்தன்மையை அளக்கும் அளவுகோல் இதுதான்.

இந்த உயரம் மிக அதிகமாக இருந்தாலும் நல்லதல்ல. கப்பல் வெடுக்கென்று நிமிரும். சரக்கு கட்டறுந்து நகரும், ஆட்கள் விழுவர். குறைவாக இருந்தால் கப்பல் மெதுவாகச் சாய்ந்து, மெதுவாக நிமிரும். பயணிகளுக்குச் சுகமாகத் தோன்றும். அனுபவமுள்ள மாலுமிகள் அந்தச் சோம்பலான ஆட்டத்தைக் கண்டால் கவலைப்படுவர்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு

முன்பு பார்த்த பெட்டிப் படகையே எடுத்துக்கொள்வோம். பெட்டி வடிவத்துக்கு, மிதப்பு மையத்துக்கும் மெட்டா மையத்துக்கும் உள்ள தூரம் = அகலத்தின் இருமடி ÷ (12 × அமிழ் ஆழம்). அகலம் 6 மீட்டர், ஆழம் 1.5 மீட்டர் என்றால் 36 ÷ 18 = 2 மீட்டர். மிதப்பு மையம் அமிழ் ஆழத்தின் பாதியில், அதாவது அடியிலிருந்து 0.75 மீட்டரில் உள்ளது. எனவே மெட்டா மையம் அடியிலிருந்து 2.75 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஈர்ப்பு மையத்தை அதற்குக் கீழே வைத்துக்கொள்ளும்வரை படகு நிமிர்ந்து நிற்கும்.

அமிழ் ஆழம் மாறாமல் அகலத்தை மட்டும் பாதியாக்கி 3 மீட்டர் ஆக்கினால் 9 ÷ 18 = 0.5 மீட்டர், மெட்டா மையம் 1.25 மீட்டருக்கு இறங்கிவிடும். அகலம் பாதியானால் அந்தத் தூரம் கால் பங்காகிறது. பரிசல் ஏன் அத்தனை அகலம் என்பது இப்போது விளங்கும்.

இன்னொரு கணக்கு. ஆட்களோடு சேர்த்து 18 டன் எடையுள்ள இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு ஒன்றைக் கற்பனை செய்வோம். எல்லோரும் கீழ்த்தளத்தில் இருக்கும்போது மெட்டா மைய உயரம் 50 சென்டிமீட்டர். ஆளுக்கு 60 கிலோ வீதம் 30 பேர் என்றால் 1.8 டன். அவர்கள் கீழ்த்தளத்திலேயே ஒரு பக்கமாக 1.5 மீட்டர் நகர்ந்தால், ஈர்ப்பு மையம் பக்கவாட்டில் (1.8 × 1.5) ÷ 18 = 0.15 மீட்டர், அதாவது 15 சென்டிமீட்டர் நகரும். 15க்கும் 50க்கும் உள்ள விகிதத்தில் படகு சுமார் 17 பாகை சாயும்.

அதே 30 பேரும் முதலில் 2.5 மீட்டர் உயரமுள்ள மேல்தளத்துக்கு ஏறுகிறார்கள் என்று கொள்வோம். ஈர்ப்பு மையம் (1.8 × 2.5) ÷ 18 = 0.25 மீட்டர் உயர்ந்துவிடும். மெட்டா மைய உயரம் 50இலிருந்து 25 சென்டிமீட்டராகப் பாதியாகும். இப்போது அவர்கள் ஒரு பக்கம் நகர்ந்தால் விகிதம் 15க்கு 25. கணக்குப்படி சாய்வு சுமார் 31 பாகை. அந்தச் சாய்வை அடையும் முன்பே கீழ்த்தளத்துச் சாளரங்கள் வழியாக நீர் புகத் தொடங்கிவிடும். படகின் எடை ஒரு கிலோகூட மாறவில்லை. ஆட்கள் இடம் மாறியது மட்டுமே நடந்தது.

இரும்புக் கப்பலின் காலம்

19ஆம் நூற்றாண்டில் மரத்தின் இடத்தை இரும்பும், பின்னர் எஃகும் பிடித்தன. பாய்மரத்துக்குப் பதில் நீராவி வந்தது. 1906இல் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, ‘காலியா’, ‘லாவோ’ என்ற நீராவிக் கப்பல்களை ஐரோப்பாவிலிருந்தே வாங்க வேண்டியிருந்தது. தோணி கட்டும் திறமை ஊரில் இருந்தது; எஃகுத் தகடும் கொதிகலனும் அவற்றைக் கையாளும் பட்டறையும் இல்லை.

அந்தக் குறை நீங்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. வால்சந்த் ஹீராசந்தின் சிந்தியா கப்பல் நிறுவனம் விசாகப்பட்டினத்தில் அமைத்த கப்பல் கட்டும் தளத்துக்கு 1941இல் ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். அங்கே கட்டப்பட்ட ‘ஜல உஷா’ என்ற கப்பலை 1948 மார்ச் 14 அன்று பிரதமர் நேரு நீரில் இறக்கி வைத்தார். அந்தத் தளமே இன்றைய இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளம். 1972இல் கொச்சியில் மற்றொரு தளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே கட்டப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் ‘விக்ராந்த்’ 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்தது. அதன் நீளம் சுமார் 262 மீட்டர்.

எஃகுக் கப்பலின் உடலமைப்பிலும் அடிமரத்தின் இடத்தில் அடித்தகடும், வங்கின் இடத்தில் எஃகு விலாக்களும், பலகையின் இடத்தில் பற்றவைத்த தகடுகளும் உள்ளன. புதிதாகச் சேர்ந்தவை இரண்டு. ஒன்று, இரட்டை அடித்தளம். வெளித்தகடு கிழிந்தாலும் உள்தகடு நீரைத் தடுக்கும். இடையில் உள்ள தொட்டிகளில் அடிப்பாரமாகக் கடல்நீரை நிரப்பலாம். தோணிக்காரர் கொட்டிய மணலின் வேலையை இப்போது தண்ணீர் செய்கிறது. மற்றொன்று, நீர் புகாத குறுக்குச் சுவர்கள். இவை கப்பலைப் பல அறைகளாகப் பிரிப்பதால் ஓர் அறையில் புகுந்த நீர் மற்றொன்றுக்குப் போகாது.

அளவுக்கு மீறிச் சரக்கேற்றி மாலுமிகளைப் பலியிடும் வழக்கத்துக்கு எதிராகப் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் போராடியதன் விளைவாக, கப்பலின் பக்கத்தில் சுமைக்கோடு வரையும் சட்டம் 1876இல் வந்தது. அந்தக் கோடு நீருக்குள் மறையும் அளவுக்குச் சுமை ஏற்றக் கூடாது. கட்டிமுடித்த கப்பலைச் சாய்வுச் சோதனைக்கும் உட்படுத்துவர். தெரிந்த எடையைத் தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்தி, தொங்கவிட்ட ஊசல் எவ்வளவு விலகுகிறது என்று அளப்பர். அதிலிருந்து உண்மையான மெட்டா மைய உயரம் கிடைக்கும். வாசாவில் பாதியில் நிறுத்திய சோதனைதான் இன்று ஒழுங்கான விதியாகியுள்ளது.

தளும்பும் நீர்

பாதி நிரம்பிய தண்ணீர் லாரி திடீரென்று திரும்பும்போது உள்ளே நீர் ஒரு பக்கம் மோதி வண்டியைத் தள்ளும். முழுதும் நிரம்பியிருந்தால் அப்படி நேராது. கப்பலிலும் பாதி நிரம்பிய தொட்டியின் நீர் சாய்ந்த பக்கமே ஓடி, சாய்வை மேலும் கூட்டும். ஆகவே தொட்டிகளைத் தடுப்புகளால் பிரிப்பர். ஒன்று முழுதாக நிரம்பியிருக்க வேண்டும் அல்லது முழுதாகக் காலியாக இருக்க வேண்டும் என்பது பொது விதி.

1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் துறைமுகம் ஒன்றிலிருந்து ‘ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ என்ற கப்பல் முன்கதவை மூடாமலே புறப்பட்டது. தடுப்பில்லாத அகன்ற வாகனத் தளத்தில் புகுந்த நீர் தளும்பியதால் சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தனர். 2014 ஏப்ரல் 16 அன்று தென்கொரியாவில் ‘செவோல்’ கப்பல் கவிழ்ந்து 304 பேர் இறந்தனர். அதில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றியிருந்தனர்; அடிப்பார நீரோ தேவையைவிடக் குறைவாக இருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிச் சுற்றுலா சென்ற மாணவர்கள்.

நம் அருகில்

இவை எல்லாம் தொலைதூரக் கதைகள் அல்ல. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு பெரியாறு ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்தபோது படகு சாய்ந்ததாக அன்றைய செய்திகள் தெரிவித்தன. 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் மற்றோர் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அது மீன்பிடிப் படகாக இருந்து சுற்றுலாப் படகாக மாற்றப்பட்டது. அளவுக்கு மீறி ஆட்களையும் ஏற்றியிருந்தது. மீன்பிடிப் படகில் பாரம் அடியில் கிடக்கும். அதே உடலின்மேல் மாடி கட்டி ஆட்களை ஏற்றினால் அது பழைய படகு அல்ல. கணக்கைத் தொடக்கத்திலிருந்து போட வேண்டிய புதிய படகு.

2025 மே மாதம் விழிஞ்சத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் 26 பாகை சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டனர். 600க்கும் மேற்பட்ட கொள்கலன்களோடு கப்பல் போயிற்று. அவற்றிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரைவரை ஒதுங்கின. நிலைத்தன்மை தவறினால் பாதிக்கப்படுவது கப்பலில் உள்ளவர்கள் மட்டுமல்ல. கரையில் வலை வீசுபவரும்தான்.

உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் கலன்களுக்காக 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் உள்நாட்டுக் கலன்கள் சட்டம் வந்துள்ளது. கலன்களை ஆய்வு செய்வது, பதிவு செய்வது, பாதுகாப்புக் கருவிகள் வைப்பது ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. சட்டம் படகுத்துறையில் கடைப்பிடிக்கப்படும்போதுதான் அதற்குப் பயன் உண்டு. படகில் ஏறும் நாமும் சிலவற்றைக் கவனிக்கலாம்.

- படகில் எழுதியுள்ள ஆள் எண்ணிக்கைக்கு மேல் ஏற்றினால் ஏறக் கூடாது.
- ஏறியவுடன் உயிர்காப்பு மேலாடையை அணிய வேண்டும். கையில் வைத்திருப்பது போதாது.
- மேல்தளத்தில் கூட்டமாக நிற்கக் கூடாது; சிறு படகிலும் பரிசலிலும் எழுந்து நிற்கவே கூடாது.
- எதைப் பார்க்க வேண்டியிருந்தாலும் எல்லோரும் ஒரே பக்கம் நகரக் கூடாது.
- படகு சாய்ந்து, வழக்கத்தைவிட மெதுவாக நிமிர்ந்தால் உடனே படகோட்டியிடம் சொல்ல வேண்டும்.

கப்பல் கட்டுமானமும் நிலைத்தன்மையும் இன்று தனிப் பொறியியல் துறையாக வளர்ந்துள்ளன. சென்னை ஐ.ஐ.டி.யில் கடல்சார் பொறியியல் துறை இருக்கிறது. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமும் சென்னையே. கடற்கரையில் பிறந்தவர்களுக்கு மட்டும் உரிய படிப்பு இது என்று உள்மாவட்ட மாணவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. மெட்டா மையத்தைக் கண்டறிந்தவர் அதை மலைமேல் இருந்துகொண்டே எழுதினார். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் மிதத்தலைப் படிக்கும் மாணவர், ஒரு பாத்திரத்து நீரில் காலித் தீப்பெட்டி ஒன்றை மிதக்கவிட்டு, அதன் அடியிலும் பிறகு மேலேயும் ஒரு நாணயத்தை வைத்துப் பார்த்தால் போதும். ஒரே தீப்பெட்டி, ஒரே நாணயம், ஒரே எடை. ஆனால் பாரம் மேலே ஏறினால் நிலைத்தன்மை குறையும்.